இறங்குவதற்கென்றே போட்ட பாதை

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏற மூன்று வழி இருக்கிறது. கண்டி, கம்பளை ஊடாகப் போவது எல்லாரும் போகும் வழி. இரத்தினபுரி, அப்புத்தளை என்று தெற்கால் சுற்றுவது நாள் கணக்குப் பார்க்காதவர்களின் வழி. மூன்றாவது, அவிசாவளையில் பிரிந்து கரவனல்லை, யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹற்றன் என்று போகும் ஏ7 வீதி. வரைபடத்தில் அது களனி கங்கையை ஒட்டியே போகிறது. ஆற்றங்கரை வீதியில் பெரிய ஏற்றம் இருக்காது என்பது சைக்கிள் மிதிப்பவர்களின் பொது நம்பிக்கை. கித்துல்கல வரைக்கும் அந்த நம்பிக்கை பலிக்கும். அதற்கப்பால் ஆறு ஒரு கிடங்குக்குள் நுழைந்துவிடும். வீதி தனியாக மலையேறத் தொடங்கும்.

என்னோடு வந்த நண்பர் மட்டக்களப்புக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். பிறந்ததிலிருந்து சைக்கிள்தான். ஆனால் அவருடைய ஊரில் ஏற்றம் என்றால் கல்லடிப் பாலம் மட்டுமே. கொழும்பிலிருந்து அவிசாவளை வரை வந்த முதல் நாளில் அவர்தான் முன்னால் போனார். "மலைநாடு மலைநாடு எண்டு பயப்படுத்தினீங்களே, இதுதானா?" என்று இடையிடையே திரும்பிக் கேட்டுக்கொண்டும் வந்தார். அடுத்த நாள் கினிகத்தேனை வரை போக வேண்டியது ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். சமதரையில் அது காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட தூரம்.

ஆனால் அது ஆனி மாதம். தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் நீரையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில்தான் கொட்டும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரை எட்டும். இலங்கையில் அதிகமாக நனையும் இடங்கள் இவை. கரவனல்லையில் பாலத்தைத் தாண்டும்போது தூறலாக இருந்தது, இரண்டு வளைவு போவதற்குள் கண் திறக்க விடாத மழையாகிவிட்டது. மழையங்கி போட்டால் உள்ளே வியர்வையில் நனைகிறோம், கழற்றினால் வெளியே மழையில் நனைகிறோம். கழற்றிச் சுருட்டிக் கரியரில் செருகிவிட்டு மிதித்தோம்.

வீதியின் இருபுறமும் இறப்பர். 1876இல் பிரேசில் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் இங்கிலாந்து வழியாக வந்து கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் ஊன்றப்பட்டன. அந்த மரத்துக்கு ஏற்ற மண்ணும் மழையும் களனிப் பள்ளத்தாக்கில் இருந்தன. மேலே டிக்கோயா, மஸ்கெலியா எல்லாம் தேயிலை என்றால், கேகாலை மாவட்டத்தின் இந்தக் கீழ்ப்பகுதி இறப்பரும் தேயிலையும் கலந்த நாடு. மழை கொட்டும்போதுதான் அந்த மரத்தின் பாடு தெரிந்தது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கீறலின் வழியே இறங்கிச் சிரட்டைக்குள் விழாது. ஈரப்பட்டை முழுக்கப் பரவி, மழையோடு மண்ணுக்குப் போய்விடும். சில மரங்களில் வெட்டுக்கு மேலே பொலித்தீனைச் சுற்றி ஒட்டிக் கூரை மாதிரி விட்டிருந்தார்கள். பலவற்றில் அதுவும் இல்லை. சிரட்டைகள் குப்புறக் கவிழ்ந்து கிடந்தன.

ஒரு பஸ் நிலையக் கூரைக்குள் ஒதுங்கினோம். பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அங்கே நின்ற இரண்டு பெண்கள் தோட்டத்துப் பால் வெட்டுக்காரர்கள். இருவரில் மூத்தவர், "இந்தக் கெழம பூரா கத்தியத் தொடல தம்பி. பெரட்டுக்குப் போறோம், இன்னிக்குப் பேர் இல்லன்னு திருப்பி அனுப்புறாங்க" என்றார். பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. முழுப்பேர் விழுந்தால் முழுச் சம்பளம், அரைப்பேர் என்றால் பாதி. மழை நாளில் அதுவும் இல்லை. மழைக்கு நாங்கள் திட்டியதும் அவர்கள் திட்டியதும் ஒரே சொற்களில்தான். காரணம்தான் வேறு.

யட்டியாந்தோட்டைக்குள் நுழையும்போது என் பின்சக்கரத்தில் டிங் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வண்டி தண்ணி போட்டவன் நடையில் போயிற்று. இறங்கிப் பார்த்தால் ஸ்போக் கம்பி ஒன்று ஹப் பக்கமாக முறிந்திருக்கிறது. அதுவும் பல்சக்கரம் இருக்கும் பக்கம். பையில் மாற்றுக் கம்பி இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்துக் கம்பியைக் கோக்க வேண்டும் என்றால் முதலில் பிரீவீலைக் கழற்ற வேண்டும். அதற்கான சாவி பெரிய நகரத்துக் கடைகளில் கிடைக்கும் சாமான்.

கடைவீதி முழுக்க விசாரித்ததில் ஒரே ஒரு கடையைக் காட்டினார்கள். மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் பழுது பார்க்கும் இடம். வேலை செய்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களவர். தோட்டத்து ஆட்களோடு பழகிய தமிழில் பேசினார். "மல்லி, இந்த ஊர்ல சைக்கிள் ரிப்பேருக்கு வந்து ரொம்ப நாள். மலைக்குப் போற ஆளு யாரு சைக்கிள் வாங்குறது?" அது எனக்கு அதுவரை உறைக்காத விஷயம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும் வாகனத்தை, அவிசாவளையைத் தாண்டிய பிறகு நாங்கள் ஓரிரண்டுதான் பார்த்திருந்தோம். அதுவும் தள்ளிக்கொண்டு போனவர்களிடம்.

சாவி அவரிடமும் இல்லை. ஆனால் கை இருந்தது. என் மாற்றுக் கம்பியின் வளைந்த தலையை வெட்டி எறிந்தார். வெட்டிய நுனியைக் குறட்டால் பிடித்து, ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் மடக்கி, கொக்கி போலாக்கினார். அந்தக் கொக்கியைப் பல்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் இருந்த விரற்கடை இடைவெளி வழியாக விட்டு, ஓட்டையில் மாட்டினார். மறுமுனையை ரிம்மில் இருந்த நிப்பிளுக்குள் திருகினார். பிரீவீலைத் தொடவே இல்லை. பிறகு சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு சோக்குக் கட்டியை ரிம்முக்கு அருகில் அசையாமல் பிடித்தார். கோணல் எங்கே இருக்கிறதோ அங்கே வெள்ளைக் கோடு விழுந்தது. கோடு விழுந்த இடத்தில் ஒரு பக்கத்துக் கம்பியை இறுக்கி, எதிர்ப் பக்கத்துக் கம்பியைத் தளர்த்தினார். கோடு சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாயிற்று. "ஹற்றன் வரைக்கும் போதும். வேகமா எறங்க வேணாம்" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் சொன்ன இன்னொரு விஷயம், இந்த ஊருக்கு ஒரு காலத்தில் கோச்சி வந்தது என்பது. அவருடைய அப்பா அதில் போயிருக்கிறாராம். களனிவெளி ரயில்பாதையின் கிளை அது. இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஓடிய சின்ன ரயில். கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு வந்த பாதை, 1900களின் தொடக்க ஆண்டுகளில் யட்டியாந்தோட்டைக்கு நீண்டது. இறப்பரையும் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதுதான் அதன் முதல் வேலை. ஆட்களை ஏற்றியது இரண்டாவது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல் இந்தக் கிளையைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது ரயில் அவிசாவளையோடு நின்றுவிடுகிறது.

ரயிலுக்கு முன்னால் படகு. மேலே டிக்கோயா, மஸ்கெலியாவில் கோப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில், கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் கினிகத்தேனைச் சரிவால் இறங்கி இங்கே வரும். இங்கிருந்து ஓலைக்கூரை போட்ட தட்டைப் படகுகளில் களனி வழியே கொழும்புக்குப் போகும். 1884இல் பிரதான ரயில்பாதை ஹற்றனை எட்டியதும் அந்தச் சரக்கு வேறு பக்கம் திரும்பியது. ஆக இந்த ஊர் முதலில் மாட்டு வண்டி முடிந்து படகு தொடங்கிய இடம். பிறகு தோட்டத்துத் தலைச்சுமை முடிந்து ரயில் தொடங்கிய இடம். மேலே இருந்து வருவதை வாங்கிக் கீழே அனுப்புவதே அதன் தொழிலாக இருந்திருக்கிறது.

கீழே இருந்து மேலே ஏறியவையும் சில உண்டு. 1934-35இல் மலேரியா இந்தத் தீவைச் சூறையாடியபோது மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் கேகாலை மாவட்டமும் ஒன்று. நாடு முழுவதும் இறந்தவர்கள் 80,000க்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். அப்போது கொழும்பிலிருந்து மருந்தையும் பருப்பையும் மார்மைட்டையும் சுமந்துகொண்டு களனிப் பள்ளத்தாக்குக்கு வந்த இளைஞர்களில் ஒருவர் என். எம். பெரேரா. கிராமத்தார் அவரைப் 'பருப்பு மாத்தயா' என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். 1935 டிசம்பரில் அவரும் சேர்ந்து தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அடுத்த ஆண்டே அவர் ருவன்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். பின்னாளில் 1977 வரை யட்டியாந்தோட்டைத் தொகுதியின் உறுப்பினராகவும் இரு தடவை நிதி அமைச்சராகவும் இருந்தார். 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை அவருடைய கட்சி எதிர்த்து வாக்களித்தது. சட்டம் நிறைவேறியது. இந்தச் சரிவுகளின் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் பல பத்தாண்டுகளுக்கு வாக்கில்லாதவர்கள் ஆனார்கள். நுவரெலியா மாவட்டத் தமிழர்களுக்குப் பின்னர் எண்ணிக்கை பலம் கொடுத்தது. சப்ரகமுவவில் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. இங்கே அந்தப் பலமும் கிடைக்கவில்லை.

யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கல வரை சுகமான ஓட்டம் என்றே சொல்ல வேண்டும். ஆறு வலது கைப்பக்கம் செம்மண் நிறத்தில் பொங்கிக்கொண்டு போனது. படகுச் சவாரிக்கு ஆள் பிடிக்கும் கடைகள் எல்லாம் படகுகளைக் கவிழ்த்து வைத்திருந்தன. டேவிட் லீன் 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காக மரப்பாலம் கட்டி வெடி வைத்துத் தகர்த்த இடம் இங்கேதான். 1957இல் வந்த படத்தின் பேரில் இன்றைக்கும் வியாபாரம் நடக்கிறது.

எனக்கு அந்த ஆற்றில் பார்க்க வேறு ஒன்று இருந்தது. இதே தண்ணீர் மேலே காசல்ரீயிலும் மவுஸ்ஸாக்கலையிலும் தேங்கி, லக்சபானவில் விழுந்து, பொல்பிட்டியவில் விழுந்து, கித்துல்கலைக்கு அருகே புரோட்லண்ட்ஸில் கடைசியாக ஒரு முறை விழுந்து, விழும் ஒவ்வோர் இடத்திலும் மின்சாரமாகிறது. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். லக்சபானவின் முதல் இயந்திரங்கள் ஓடியது 1950இல்தான். அந்த மின்சாரம் கம்பிகளில் கொழும்புக்கு இறங்கியது. கம்பிகளுக்கு நேர் கீழே இருந்த லயங்களில் பல, அதற்குப் பிறகும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்தன. மின்சாரத்தைத் தந்துவிட்டு வரும் தண்ணீரும் கடைசியில் அம்பத்தளையில் கொழும்பின் குழாய்களுக்குள் போகிறது.

கித்துல்கல கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய நூறு மீட்டர். கினிகத்தேனை அறுநூறுக்கு மேல். இடையில் இருப்பது பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். சரிவு ஒன்றும் பயங்கரமானது இல்லை. சைக்கிள் பந்தயக்காரர்கள் இதைச் சும்மா ஏறிவிடுவார்கள். ஆனால் அது விடாது. ஒரு வளைவு முடிந்தால் இறக்கம் வரும் என்று உடம்பு எதிர்பார்க்கும். வளைவு முடியும், அடுத்த ஏற்றம் நிற்கும். கடைசிக் கியருக்கு மாற்றியாயிற்று, இனி மாற்றுவதற்கு இல்லை. சக்கரம் நிற்காமல் இருக்கும் அளவுக்கு மட்டும் மிதிக்கிறோம். எதிரே ஹற்றன் பஸ் ஹோர்னைப் பிடித்தபடி பாதி வீதியைத் தனதாக்கிக்கொண்டு வருகிறது. ஓரத்துக்கு ஒதுங்கினால் தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவில் ஓர் அடிப் பள்ளம். கெண்டைக்காலில் இறுகிய நரம்பு பிறகு இளகவே இல்லை. காலுறையைக் கழற்றினால் அட்டைகள். உருண்டு திரண்டு, கடித்தது தெரியாமல் குடித்துக்கொண்டிருக்கின்றன. மட்டக்களப்பு நண்பர் அவற்றை விரலால் சுண்டிச் சுண்டி எறிந்தார். கேள்வி கேட்பதை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார்.

ஒவ்வொரு தலைமுறையிலும் இப்படி வலியச் சிரமத்தைத் தேடிக்கொள்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள். 1890களின் கடைசியில் ஃபேனி புல்லக் வொர்க்மன் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவருடைய கணவரும் இலங்கையிலும் இந்தியாவிலும் ஆயிரக்கணக்கான மைல் சைக்கிளில் சுற்றினார்கள். ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்டியதாகச் சொல்லப்படுகிறது. அதைப் புத்தகமாகவும் எழுதி 1904இல் வெளியிட்டார்கள். அதே காலத்தில் திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணியின் பின்னால் வந்து, கடன் துண்டோடு இந்த மலைகளில் ஏறிய குடும்பங்களும் உண்டு. அவர்கள் ஏறிய கதையை யாரும் பயண நூலாக எழுதவில்லை.

பாதி ஏற்றத்தில் வீதியின் உள்பக்கம் சரிந்து கிடந்தது. செம்மண்ணும் வேரோடு வந்த மரமும் ஒரு வழியை அடைத்திருந்தன. மண்வெட்டியோடு நின்றவர்கள் வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டார்கள். இந்த மாவட்டத்துக்கு மண் இறங்குவது புதிது இல்லை. 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்து, உள்ளே இருந்தவர்கள் புதைந்தார்கள். லயங்களைக் கட்டியவர்கள் பயிருக்கு நல்ல நிலத்தை விட்டுவிட்டு, மிச்சமிருந்த சரிவில்தான் கட்டினார்கள். அந்தச் சரிவுக்குக் கீழே ஆட்கள் இன்றும் தூங்குகிறார்கள்.

மண் கிடந்த இடத்தைத் தள்ளிக் கடந்ததும் ஒரு தேத்தண்ணிக் கடை. தகரக் கூரையில் மழை இரைந்ததில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. சுடச்சுட பிளேன்டி, கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. கருப்பட்டியைக் கடித்துத் தேத்தண்ணியை உறிஞ்சினால் காலுக்கு உயிர் வருகிறது. வாங்கில் இருந்த முதியவர், தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர், எங்கள் வண்டிகளையும் பைகளையும் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எங்கேருந்து வாறீங்க தம்பி?"

"கொழும்பிலருந்து ஐயா. நுவரெலியாவுக்கு."

"பஸ் இருக்கே?"

"இருக்கு. சைக்கிள்ல போகணும்னு ஆசை."

"இதுக்கு யாரு சம்பளம் தாறாங்க?"

யாரும் தருவதில்லை என்றோம். அவர் சிரிக்கவில்லை, பரிகாசமும் இல்லை. நிதானமாகத் தலையை ஆட்டினார். தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. 1350 ஆக வேண்டும் என்று 2024இல் வர்த்தமானி வந்தது. அதற்கும் இத்தனை கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர் என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கணக்கு உண்டு. சம்பளம் இல்லாமல் ஒரு மனிதன் நாள் முழுக்க மலையேறுவது அவருடைய வாழ்க்கையில் பொருந்தாத கணக்கு. எனக்கும் அந்த நேரத்தில் அதற்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

கடையிலிருந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் காலையிலிருந்து கண்ணில் பட்டதெல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. மேலேயிருந்து லொறிகள் வந்தன. லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு. தார்ப்பாயை மீறிப் பிதுங்கும் பாரத்தோடு, பிரேக் தீயும் வாடையோடு இறங்கின. தேயிலைப் பெட்டி லொறிகள் இறங்கின. பஸ்களில் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் பையன்கள் தோள் பையோடு இறங்கினார்கள். ஆறு இறங்கியது, மின்சாரம் இறங்கியது, மண்ணும் இறங்கியது. மேலே போன லொறிகளில் வெறும் பிளாஸ்டிக் கூடைகள் அடுக்கியிருந்தன. இந்தச் சரிவுக்குப் படகும் தண்டவாளமும் தாரும் வந்தது இறக்கிக்கொண்டு போவதற்காக. ஏறுகிறவர்கள் தங்கள் சொந்தக் காலில் ஏற வேண்டியதுதான். ஒரு நாள் முழுக்க அந்தத் திசைக்கு எதிராக மிதித்த எனக்கு, நெஞ்சு இரைப்பில் அது விளங்கியது. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருந்தால் நல்ல காட்சி என்று மட்டும் சொல்லியிருப்பேன்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. கொக்கி போட்ட கம்பி இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது, ஆனால் நண்பரின் முழங்கால் பிடிக்கவில்லை. தள்ளிக்கொண்டு நடந்தோம். கூடை லொறி ஒன்று பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. ஓட்டிவந்தவர் முப்பது வயதுக்குள் இருப்பார்.

"அண்ணே, கினிகத்தேனைக்குத்தானே? ஏத்துங்க பின்னால."

நண்பர் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. சைக்கிளைத் தூக்கிவிட்டார். கூடைகளுக்கு நடுவில் இரண்டு வண்டிகளையும் படுக்கவைத்து, கோவா இலை நாற்றத்தில் நாங்களும் குந்தினோம். அரைமணி நேரத்தில், நாங்கள் மிதித்திருந்தால் இரவு எட்டு மணி ஆகியிருக்கும் தூரம் முடிந்தது.

கினிகத்தேனைச் சந்தியில் இறங்கி, எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே சிரித்தார்.

"ஏறுறதுக்கு யாரு அண்ணே காசு குடுக்கிறது? எறக்கிக் குடுத்தாத்தான் முதலாளி தருவாரு. மேல போறது நம்ம கணக்கு."

"அப்ப இன்னிக்கு ஏறினதுக்கும் தந்தாச்சு எண்டு வைங்க" என்று நண்பர் ஐந்நூறு ரூபாயை நீட்டினார். அவர் மறுக்கவில்லை. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்கு வட்டவளைப் பக்கம் மழை இதைவிட மோசமாக இருக்கும், விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள் என்று சொல்லிக் கியரை மாற்றினார்.